காற்றினால் நீரிறைத்த கமக்காரர்

கிணற்றில் நீர் இருப்பது ஒன்று; அந்நீர் பயிரின் வேரடியைச் சேர்வது வேறொன்று. இவ்விரண்டிற்கும் இடையேயுள்ள தூரம் சிலவிடங்களிற் பத்து அடியாகவும் சிலவிடங்களில் முப்பது அடியாகவும் இருக்கும். அத்தூரத்தைக் கடப்பதற்கே உலகெங்கும் கமக்காரரின் உழைப்பில் ஒரு பெரும் பகுதி செலவாகி வந்துள்ளது. ஓர் ஏக்கர் மரக்கறித் தோட்டத்திற்கு வரண்ட காலத்தில் நாளொன்றுக்கு 5 மில்லிமீற்றர் நீர் வேண்டுமெனக் கொண்டால், அஃது ஏறக்குறைய 20,000 லீற்றராகும். நிறையிற் கூறின் இருபது தொன். நீர்மட்டம் இருபது அடி கீழே இருக்குமாயின், இருபது தொன் பாரத்தை இருபது அடி உயரத்திற்கு நாடோறும் தூக்குதல் வேண்டும். துலாவில் ஒருவரோ இருவரோ ஏறி மிதிக்க, ஒருவர் பட்டை பிடித்து ஊற்ற, இன்னொருவர் வாய்க்காலில் நின்று பாத்தி பாத்தியாக நீர் மாற, விடியுமுன் தொடங்கிய இறைப்பு வெயில் ஏறும்வரை நீண்டதில் வியப்பில்லை.

நீரிறைக்கும் இயந்திரங்கள் வந்தபின் இவ்வுழைப்பு எரிபொருளின்மேல் ஏற்றப்பட்டது. எரிபொருள் தங்குதடையின்றிக் கிடைக்கும்வரை அதன் பாரம் தெரிவதில்லை. 2022ஆம் ஆண்டில் எரிபொருளுக்கு வரிசையில் நிற்கவேண்டி வந்ததும், அவ்வாண்டு ஆகஸ்ட் மாதத்தில் மண்ணெண்ணெய் விலை லீற்றருக்கு 87 ரூபாவிலிருந்து 340 ரூபாவாக உயர்ந்ததும் தோட்டக்காரர் அறிந்தவை. அத்தகைய வேளைகளில், தோட்டத்தின் மேலாகக் காசு கேளாமல் வீசிச் செல்லும் காற்றைக் கொண்டு நீரிறைக்க இயலாதா என்ற கேள்வி எழுவது இயல்பே. இக்கேள்வி புதியதன்று. இதற்கு வெவ்வேறு நாட்டுக் கமக்காரர் வெவ்வேறு காலங்களில் விடை கண்டுள்ளனர். அவர்கள் எவ்விடத்தில் வெற்றி கண்டனர், எவ்விடத்தில் கைவிட்டனர் என்பதை அறிந்துகொள்வது, இன்று காற்றாலையையோ சூரிய ஒளிப் பம்பியையோ வாங்க எண்ணுவோருக்குப் பயன்படும்.

காற்றாலையின் பழைய வரலாறு

காற்றாலை பற்றிய பழைய செய்திகளுள் முக்கியமானவை பாரசீகத்தின் கிழக்கெல்லையிலுள்ள சீஸ்தான் நாட்டைப் பற்றியவை. இன்று அந்நிலம் ஈரானுக்கும் ஆப்கானித்தானுக்கும் உரியதாகப் பிரிந்து கிடக்கின்றது. கோடை காலத்தில் ஏறக்குறைய நூற்றிருபது நாட்களுக்கு அங்கே வடதிசையிலிருந்து ஓயாமற் கடுங்காற்று வீசும். 'நூற்றிருபது நாட்காற்று' என்றே அவ்வூரார் அதற்குப் பெயரிட்டுள்ளனர். மணலும் காற்றும் மிகுந்த அந்நாட்டில் மக்கள் காற்றினால் ஆலைகளைச் சுழற்றித் தானியம் அரைத்ததையும், தோட்டங்களுக்கு நீர் ஏற்றியதையும் கி.பி. 10ஆம் நூற்றாண்டில் அரபு நூலாசிரியர்கள் எழுதி வைத்துள்ளனர். அவ்வாலைகள் இன்று படங்களிற் காணும் காற்றாலைகளைப் போன்றவையல்ல. நட்ட மரத்தைப் போல் அச்சு செங்குத்தாக நிற்கும். அதனைச் சுற்றிப் பலகையாலோ நாணலாலோ செய்த தட்டிகள் பொருத்தப்பட்டிருக்கும். காற்று ஒரு பக்கத்தில் மட்டும் புகுமாறு மறுபக்கத்திற் சுவர் எழுப்பப்பட்டிருக்கும். காற்று எப்போதும் ஒரே திசையிலிருந்து வருவதால் இவ்வமைப்பே அங்குப் போதுமானதாயிற்று.

காற்றாலை என்றவுடன் பலர் நினைவில் எழுவது ஒல்லாந்து தேசம். ஆயின் ஒல்லாந்தர் தம் வயலுக்கு நீர் பாய்ச்சுவதற்காகக் காற்றாலை கட்டியவர் அல்லர். வயலிலிருந்து நீரை வெளியேற்றுவதற்கே கட்டினர். கடல்மட்டத்திற்குத் தாழ்ந்த அந்நிலத்தில், 15ஆம் நூற்றாண்டு முதல், காற்றாற் சுழலும் அகப்பைச் சக்கரங்கள் வடிகால் நீரை அள்ளி உயரமான கால்வாயில் விட்டன. 1612ஆம் ஆண்டிற் பேம்ஸ்டர் என்னும் பேரேரி வற்றச்செய்யப்பட்டு விளைநிலமாக்கப்பட்டது. நாற்பதுக்கு மேற்பட்ட காற்றாலைகள் அவ்வேலைக்கு ஈடுபடுத்தப்பட்டன. இதிற் கவனிக்கத்தக்கது ஒன்றுண்டு. அகப்பைச் சக்கரம் ஏறக்குறைய ஐந்து அடிக்கு மேல் நீரை உயர்த்தமாட்டாது. அதற்கு மேல் உயர்த்தவேண்டிய இடங்களில் ஓர் ஆலை ஏற்றிய நீரை அடுத்த ஆலை ஏற்றுமாறு மூன்று நான்கு ஆலைகளை வரிசையாக வைத்தனர். நிறைய நீரைச் சிறிதளவு உயர்த்துவதும், சிறிதளவு நீரை நிறைய உயர்த்துவதும் காற்றுக்கு ஒரே வேலைதான்.

நெற்செய்கைக்குக் காற்றைப் பயன்படுத்தியோரும் இவ்வுண்மையை அறிந்தே செய்தனர். சீனத்தின் கிழக்குக் கரையோரத்தில், கப்பற்பாய்களைப் போன்ற பாய்கள் எட்டினைச் செங்குத்தான அச்சைச் சுற்றிக் கட்டி, அதனால் மரப்பலகைச் சங்கிலி இறைப்பானை ஓட்டினர். தாய்லாந்தின் தாழ்நிலங்களிலும் துணியாலோ மூங்கிற்பாயாலோ செய்த பாய்களைக் கொண்ட எளிய காற்றாலைகள் அவ்வகை இறைப்பான்களை ஓட்டின. கால்வாயிலிருந்து அருகிலுள்ள வயலுக்கும் உப்பளத்திற்கும் அவை நீரேற்றின. இரு நாடுகளிலும் நீர் ஏறவேண்டிய உயரம் இரண்டு மூன்று அடியே. ஆழ்ந்த கிணற்று நீரைக் காற்றினால் இறைத்து நெல் விளைவித்தல் நடைமுறையில் வேரூன்றியதில்லை. நெல்வயலுக்கு வேண்டிய நீரின் அளவே அதற்குத் தடை. ஆதலின் இங்குக் கூறப்படுபவற்றுட் பெரும்பாலானவை தோட்டச் செய்கையாளருக்கே உரியன என்பதை நெற்செய்கையாளர் முன்னரே அறிந்துகொள்வது நன்று.

லசித்தி மேட்டுநிலம்

தோட்டக்காரர் தம் சொந்தக் கிணற்றில் தாமே காற்றாலை அமைத்து ஊர் முழுவதும் பயிரிட்டதற்கு மிகச் சிறந்த உதாரணம், கிரேக்க நாட்டைச் சேர்ந்த கிறீற் தீவிலுள்ள லசித்தி என்னும் மேட்டுநிலமாகும். கடல்மட்டத்திலிருந்து ஏறக்குறைய 840 மீற்றர் உயரத்தில், நான்கு புறமும் மலை சூழ, தட்டையான ஒரு தாம்பாளம் போல் அது கிடக்கின்றது. மாரியில் மழைநீரும் உருகிய பனிநீரும் மலைகளிலிருந்து இறங்கி அங்கே தேங்கும். அதனுடன் வரும் வண்டலினால் நிலம் வளமானது. 13ஆம் நூற்றாண்டில் அத்தீவை ஆண்ட வெனிசியர், தமக்கெதிராகக் கிளர்ந்தோருக்கு அம்மேட்டுநிலம் புகலிடமாயிருந்தது கண்டு, அங்கே குடியிருப்பதையும் பயிர் செய்வதையும் தடை செய்தனர். நீண்ட காலம் அந்நிலம் தரிசாகக் கிடந்தது. பின்னர் தானியத் தட்டுப்பாடு வந்தபோது அதே வெனிசியர் வடிகால் வாய்க்கால்களை நேர்கோடுகளாக வெட்டி நிலத்தைத் திருத்திக் கோதுமை விளைவித்தனர். ஆட்சியாளர் தடைசெய்த நிலத்தை ஆட்சியாளரே பசி வந்தபோது தேடிச் செல்வது அந்நாட்டில் மட்டும் நிகழ்ந்ததன்று.

மாரியில் வெள்ளம் தேங்கும் நிலமே கோடையில் வரண்டுவிடும். ஆயினும் நீர் தொலைவிற் போய்விடுவதில்லை. சில மீற்றர் ஆழத்திற் கிணறு வெட்டினாற் கிடைக்கும். கோடையில் வடமேற்குக் காற்றும் நாடோறும் வீசும். நீர் தேவைப்படும் காலமும் காற்று வீசும் காலமும் ஒன்றாக அமைந்ததே லசித்தியின் பேறு. மேட்டுநிலத்திற்கு ஏறும் கணவாயிற் கல்லாற் கட்டிய பழைய மாவரைக்கும் காற்றாலைகள் இருந்தன. ஆகவே பாய் கட்டிக் காற்றைப் பிடிக்கும் வித்தை அவ்வூரார் அறிந்ததே. 19ஆம் நூற்றாண்டின் இறுதியிலும் 20ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலும் உள்ளூர்த் தச்சரும் கொல்லரும் அவ்வித்தையைக் கிணற்றுக்குக் கொண்டுவந்தனர். முதலில் மரத்தாலும் கல்லாலும், பின்னர் இரும்புச் சட்டத்தாலும் சிறு கோபுரங்கள் எழுந்தன. அவற்றின் தொகை பல ஆயிரமாகப் பெருகியது. கோடைக் காலத்தில் வயல்வெளி முழுவதும் வெள்ளைப் பாய்கள் சுழலும் காட்சியைக் காண வேற்று நாட்டவரும் அங்கே சென்றனர்.

அவ்வாலையின் அமைப்பு மிக எளிது. கோபுரத்தின் உச்சியில் கிடையான ஓர் அச்சு. அச்சின் முனையிற் சக்கரத்தின் ஆரக்கால்கள் போன்ற கைகள். ஒவ்வொரு கையிலும் முக்கோண வடிவான பருத்தித் துணிப் பாய் ஒன்று. பாயின் ஒரு மூலை அடுத்த கையின் நுனியிற் கயிற்றாற் கட்டப்படும். அச்சின் நடுவே முழங்கை போல் வளைத்த இரும்பு உண்டு. அச்சு சுழலும்போது அவ்வளைவு ஒரு நீண்ட தண்டை மேலும் கீழுமாக இழுக்கும். தண்டின் மறுமுனை கிணற்றிலுள்ள குழாயினுள் ஆடும். குழாயினுள் மேல்நோக்கி மட்டும் திறக்கும் தோல் மூடிகள் இருப்பதால், ஒவ்வோர் இழுப்பிலும் சிறிதளவு நீர் மேலேறும். அச்சின் பின்புறத்திலுள்ள வால் காற்றின் திசைக்கேற்ப ஆலையைத் திருப்பிக்கொள்ளும்.

இதில் எதுவும் தொழிற்சாலையிலிருந்து வரவேண்டியதில்லை. துணி கிழிந்தால் வீட்டிலேயே தைக்கலாம். தண்டு முறிந்தால் ஊர்க் கொல்லர் செய்வார். காற்று மெலிந்தாற் பாயை முழுவதும் விரிப்பர். காற்று மிகுந்தாற் பாயைக் கையைச் சுற்றிச் சில சுற்றுச் சுருட்டிக் குறைப்பர். புயல் வருமெனக் கண்டால் முற்றாகச் சுருட்டிக் கட்டுவர். காற்றாலைக்குப் பெருந்தீங்கு செய்வது காற்றின்மையன்று, மிகைக்காற்றே. அதனைத் துணியைச் சுருட்டும் அளவில் தீர்த்துக்கொண்ட லசித்தியாரின் முறையை எளியதெனத் தள்ளிவிடுதல் தகாது. 1970களில் எத்தியோப்பியாவின் ஓமோ ஆற்றங்கரையில் மிசன் ஒன்றின் ஊழியர்கள் கமக்காரருக்குக் காற்றாலை அமைக்க முற்பட்டபோது, விலை மிகுந்த உருக்குக் காற்றாலைகளுடன் இந்தக் கிறீற் தீவுப் பாய் ஆலையையும் செய்து பார்த்து, அதனையே பெருக்கினர்.

லசித்தியின் ஆலைகளோடு சேர்த்துக் கவனிக்க வேண்டியது ஆலையின் அருகிலிருந்த தொட்டி. அதனைப் படம் பிடிப்போர் பெரும்பாலும் விட்டுவிடுவர். கல்லாலோ சீமெந்தாலோ கட்டிய அத்தொட்டியில்தான் பம்பி நீரைச் சொரியும். தோட்டத்திற்கு நீர் செல்வது தொட்டியிலிருந்தே. காற்று பகலில் வீசினும் இரவில் வீசினும் தொட்டி நிறையும்; கமக்காரர் தமக்கு வசதியான நேரத்தில் மடையைத் திறந்து உருளைக்கிழங்குக்கும் மரக்கறிக்கும் பாய்ச்சுவர். பம்பியிலிருந்து நேரே வாய்க்காலுக்கு விட்டால், மெல்லிய தாரையாக வரும் நீர் பாத்தியின் கடைசியை அடையுமுன் மண்ணுள் இறங்கிவிடும். அதே நீரைச் சேர்த்து வைத்து ஒருங்கே திறந்தால் விரைவாக ஓடிப் பாத்தி முழுவதையும் நனைக்கும். தொட்டியில்லாத காற்றாலை பயிருக்கு உதவாது என்று கூறினும் மிகையன்று.

அமெரிக்கச் சமவெளியில்

லசித்தியார் கையாற் செய்ததை அமெரிக்கர் இயந்திரத்தாற் செய்தனர். 1854ஆம் ஆண்டில் தானியல் கலடே என்பவர், காற்று மிகும்போது தானே விலகிக்கொள்ளும் காற்றாலை ஒன்றைச் செய்து உரிமை பெற்றார். பாய் சுருட்ட ஆள் தேவையில்லை என்பதே அதன் சிறப்பு. நீராவி இயந்திரங்களுக்கு நீர் வேண்டியிருந்த புகையிரதப் பகுதியினரும், ஆறு குளமற்ற மேற்குச் சமவெளிகளிற் குடியேறிய கமக்காரரும் அதனை விரும்பி வாங்கினர். பின்னர் 1882, 1883ஆம் ஆண்டுகளில் தோமஸ் பெரி என்னும் பொறியியலாளர் பல வகையான சக்கரங்களைக் கொண்டு ஐயாயிரத்துக்கும் மேற்பட்ட சோதனைகளைச் செய்து, வளைந்த உருக்குத் தகடுகளைக் கொண்ட சக்கரமே சிறந்ததெனக் கண்டார். அதன்படி 1888இல் விற்பனைக்கு வந்த 'ஏர்மோட்டர்' ஆலையைப் போட்டி வணிகர் 'கணக்குக் காற்றாலை' என்று ஏளனம் செய்தனர். கணக்கே வென்றது. 1915இல் எண்ணெயில் மூழ்கி ஓடும் பற்சக்கரப் பெட்டி வந்தது. அதுவரை எண்ணெயிடுவதற்கு வாரந்தோறும் கோபுரத்தில் ஏறவேண்டியிருந்தவர்க்கு ஆண்டுக்கொருமுறை ஏறினாற் போதுமென்றாயிற்று.

இவ்வாலைகளுட் பெரும்பாலானவை மாட்டுக்கும் வீட்டுக்குமே நீர் இறைத்தன. ஆயினும் 1890களிற் கடும் வரட்சி வந்தபோது, கான்சஸ் மாநிலத்தின் கார்டன் சிற்றி என்னும் ஊரைச் சுற்றியிருந்த கமக்காரர் காற்றாலைகளைக் கொண்டு பயிருக்கு நீர் பாய்ச்சினர். ஓர் ஆலையால் விளைவித்தது சில ஏக்கர் மட்டுமே. அவர்களும் தொட்டியின்றிச் செய்யவில்லை. சீமெந்துக்கு வசதியில்லாமையால் மண் வரம்பு கட்டிக் குளம் போல் அமைத்தனர். நீர் கசியாதிருக்க, அடிமண்ணை நனைத்து அதன்மேல் மாடுகளை நடத்திச் சேறாக மிதிக்கச் செய்தனர். எருமை கட்டி வயலைச் சேறாக்கும் வழக்கமறிந்தவர்க்கு இதனை விளக்கத் தேவையில்லை. அயல் மாநிலமாகிய நெப்ராஸ்காவிலோ, ஆலை வாங்கப் பணமில்லாதோர் பழைய பலகையும் தகரமும் வண்டிச் சக்கரமும் கொண்டு தாமே ஆலை செய்துகொண்டனர். ஒரு பெட்டியினுள் பாதி மறைந்திருக்கும் துடுப்புச் சக்கரமாகிய 'யம்போ' என்பது அவற்றுள் ஒன்று. பல்கலைக்கழகப் பேராசிரியர் ஒருவர் அவற்றையெல்லாம் பார்வையிட்டு 1899இல் நூலாக வெளியிட்டார்.

1930களின் நடுப்பகுதியிலிருந்து அரசாங்கம் கிராமங்களுக்கு மின்சாரம் கொண்டுசென்றபின் அவ்வாலைகள் குறையத் தொடங்கின. லசித்தியிலும் அவ்வாறே. 20ஆம் நூற்றாண்டின் பிற்பாதியிற் பெற்றோலும் டீசலும் மின்சாரமும் வந்தன, பாய்கள் கழற்றப்பட்டன, இரும்புச் சட்டங்கள் துருவேறி நிற்கின்றன. இன்று அங்குச் சுழலும் சில ஆலைகள் பெரும்பாலும் சுற்றுலா வருவோருக்காகவே சுழல்கின்றன.

காற்றின் கணக்கு

காற்றாலை ஏன் ஓரிடத்திற் பயன் தந்து மற்றோரிடத்தில் ஏமாற்றுகின்றது என்பதை விளங்கிக்கொள்ள ஒரே ஒரு கணக்கு அறிந்தாற் போதும். காற்றின் வேகம் இருமடங்கானால் அதன் வலு இருமடங்காவதில்லை, எட்டு மடங்காகின்றது. மணிக்கு 6 மைல் வேகத்தில் வீசும் காற்றிலும் 12 மைல் வேகத்தில் வீசும் காற்று எட்டு மடங்கு வேலை செய்யவல்லது. இதன் மறுபக்கத்தையே பலர் மறந்துவிடுகின்றனர். 10 மைல் வேகத்தில் வீசிய காற்று மரங்களாலோ வேலியாலோ தடைப்பட்டு 8 மைலாகக் குறைந்தால், அதன் வலு ஏறக்குறைய அரைவாசியாகிவிடும். கன்னத்திற் படும் காற்றைக்கொண்டு இவ்வேறுபாட்டை ஒருவரும் உணரமாட்டார், தொட்டி உணரும். ஆகவேதான் அமெரிக்கர், சுற்றுமுள்ள நானூறு அடிக்குள் இருக்கும் மரம், கட்டடம் எல்லாவற்றிலும் பதினைந்து அடியாவது உயர்ந்து சக்கரம் நிற்கவேண்டுமென விதித்தனர். பனையும் தென்னையும் நிறைந்த வளவுகளில் இவ்விதியை நிறைவேற்றுதல் எளிதன்று.

இரண்டாவது, ஆழம். அதே காற்று, இருபது அடியிலிருந்து ஏற்றும் நீரில் அரைவாசியையே நாற்பது அடியிலிருந்து ஏற்றும். ஆழங்குறைந்த கிணறுகள் உள்ள இடங்களே காற்றாலைக்கு உகந்தவை.

இலங்கையில்

பழைய இலங்கையிற் காற்றினால் நீர் இறைத்தமைக்குச் சான்று இல்லை. காற்றின் வலுவை அறியாமையால் அன்று. சமனலவெவப் பகுதியின் மேற்கு நோக்கிய மலைச்சரிவுகளில், தென்மேற்குப் பருவக்காற்றை உலையினுட் செலுத்தி இரும்பு உருக்கிய உலைகள் அகழ்ந்து காணப்பட்டுள்ளன. அவை கி.பி. 7ஆம் நூற்றாண்டிற்கும் 11ஆம் நூற்றாண்டிற்கும் இடைப்பட்டவை. துருத்தி ஊத ஆளின்றிக் காற்றையே துருத்தியாகக் கொண்டவர் நீருக்கு அதனை நாடாமைக்குக் காரணம், குளங்களே. உயரத்திற் கட்டிய குளத்திலிருந்து நீர் தானே வயலுக்கு இறங்கும்போது அதனை உயர்த்தவேண்டிய தேவை எழவில்லை. தேவை எழுந்தது, ஆறில்லாத யாழ்ப்பாணக் குடாநாடு போன்ற கிணற்று நிலங்களிலேயே. அங்கே துலாவும், மாடு கட்டிச் சுற்றும் சூத்திரமும் அதனை நிறைவேற்றின. பின்னர் மண்ணெண்ணெய் இயந்திரங்கள் அவற்றின் இடத்தைப் பிடித்தன.

1970களில் எரிபொருள் விலை உலகெங்கும் ஏறியபோது, இலங்கை நீர்வளச் சபையின் கீழ் ஒல்லாந்தின் உதவியுடன் 1977ஆம் ஆண்டு முதல் காற்றாலை ஆராய்ச்சி நடைபெற்றது. 3 மீற்றர் குறுக்களவுள்ள சக்கரத்தைக் கொண்ட நீரிறைக்கும் ஆலை, உள்நாட்டிலேயே செய்யத்தக்கதாக வகுக்கப்பட்டு, வரண்ட வலயத்தில் நடப்பட்டது. ஆயினும் அது பரவலாக வேரூன்றவில்லை. காரணங்களை ஊகிப்பது கடினமன்று. சிறிய இயந்திரம் ஒன்றைத் தோளில் வைத்துக் கிணற்றுக்குக் கிணறு கொண்டுசெல்லலாம். அயலவருக்கு இரவல் கொடுக்கலாம். மாலையில் வீட்டுக்குக் கொண்டுவரலாம். காற்றாலையோ நட்ட இடத்தில் நிற்கும். முழுச் செலவையும் முதல் நாளே கேட்கும். இயந்திரம் அச்செலவைச் சிறிது சிறிதாக, எரிபொருளாகக் கேட்கின்றது. கையிற் பணம் குறைந்தவர்க்கு எது எளிதென்பது வெளிப்படை. ஆனால் எளிதானது மலிவானது ஆகாது.

இயற்கையைப் பொறுத்தவரை குடாநாட்டுக்குக் குறைவில்லை. மே மாதம் முதல் செப்டெம்பர் வரை சோளகக்காற்று பலமாக வீசும். மழையில்லாத, தோட்டத்திற்கு நீர் மிகவும் வேண்டிய மாதங்களும் அவையே. லசித்திக்கு வாய்த்த அதே பொருத்தம் இங்கும் உண்டு. கிணறுகளும் பெரும்பாலும் ஆழங்குறைந்தவை. வாடைக்காலத்திலும் காற்றுண்டு, ஆனால் அப்போது மழைநீரே போதும். மன்னாரில் 2020ஆம் ஆண்டின் இறுதியில் திறந்துவைக்கப்பட்ட பெருங் காற்றாலைகள் மின்சாரத்திற்கானவையெனினும், வடகரையோரக் காற்றின் வலுவுக்கு அவை சான்றாக நிற்கின்றன.

குடாநாட்டுக் கிணறுகளைப் பொறுத்தமட்டில் மெதுவாக இறைத்தலில் வேறொரு நன்மையும் உண்டு. அங்குச் சுண்ணாம்புக் கற்பாறையினுள் நன்னீர், கனமான உவர்நீரின்மேல் மிதந்து நிற்கின்றது. கடல்மட்டத்திற்கு மேல் ஓரடி நன்னீர் நின்றால், அதன் கீழே ஏறக்குறைய நாற்பது அடி நன்னீர் இருக்கும் என்பது கணக்கு. ஆகவே மேல்மட்டம் ஓரடி தாழ்ந்து அந்நிலையிலேயே நீடிக்குமாயின், அடியிலிருந்து உவர்நீர் நாற்பது அடி மேலேற இடமுண்டாகும். வலிய இயந்திரத்தைக் கொண்டு மணிக்கணக்கில் விரைந்து இறைத்த கிணறுகளில் நீர் உவர்ப்பதன் காரணங்களுள் இதுவும் ஒன்று. துலாவும் காற்றாலையும் கிணற்றைச் சிறிது சிறிதாக எடுப்பவை. ஊற்று ஈடுகொடுக்க நேரம் விடுபவை. லசித்தியார் தொட்டி கட்டியது நீரின் பொருட்டே ஆயினும், கடலோரக் கிணறுடையோருக்குத் தொட்டி கிணற்றையும் காக்கும். எந்தப் பம்பியாயினும், நாள் முழுவதும் மெல்ல இறைத்துத் தொட்டியிற் சேர்த்துப் பின் பாய்ச்சுவது, ஒரே மூச்சில் இறைப்பதிலும் நன்று.

சூரிய ஒளியால் இயங்கும் பம்பிகள் இப்போது பல தோட்டங்களுக்கு வந்துள்ளன. அவற்றில் ஏறி எண்ணெயிடவேண்டியதில்லை, பாய் சுருட்டவேண்டியதில்லை, பனை மறைப்பினும் நிழல் விழாதவரை குறைவில்லை. பல இடங்களில் அவை காற்றாலையிலும் ஏற்றவை என்பதில் ஐயமில்லை. ஆனால் அவையும் கமக்காரர் விரும்பும் நேரத்தில் நீர் தருபவையல்ல. வெயில் இருக்கும்போது தருபவை. மேகமூட்டமான நாளில் தாரை மெலியும். தொட்டியின்றி அவற்றை நேரே வாய்க்காலுக்குத் திருப்பிவிட்டு, நீர் கடைப்பாத்திக்குப் போகவில்லை எனக் குறைகூறுவது, காற்றாலைக்காரர் நூறாண்டுகளுக்கு முன் கண்ட குறையையே மீண்டும் காண்பதாகும்.

தொட்டியின் அளவைத் தோட்டத்தின் அளவைக்கொண்டு தீர்மானித்தல் வேண்டும். அரை ஏக்கர் மிளகாய்க்கோ வெங்காயத்திற்கோ மேலே கூறிய கணக்கின்படி நாளொன்றுக்கு ஏறக்குறைய 10,000 லீற்றர் வேண்டும். காற்றோ வெயிலோ இரண்டு நாள் பொய்த்தாலும் பயிர் வாடாதிருக்க 20,000 லீற்றர் கொள்ளும் தொட்டி தேவை. பன்னிரண்டு அடி நீளமும் பன்னிரண்டு அடி அகலமும் உடைய தொட்டியில் ஐந்து அடி உயரத்திற்கு நீர் நின்றால் அவ்வளவு கொள்ளும். தொட்டியின் அடித்தளம் தோட்டத்தின் மிக உயர்ந்த பாத்தியிலும் ஓரடியாவது உயர்ந்திருப்பின் நீர் தானே ஓடும். அதற்கு மேல் உயர்த்துவதனாற் பயனில்லை. உயர்த்தும் ஒவ்வோர் அடியும் கிணற்றின் ஆழத்தோடு கூட்டப்பட்டு, இறைக்கும் நீரைக் குறைத்துவிடும்.